அரைக் கட்டை கீழே

அந்த நாற்காலி வேண்டாம் அண்ணாச்சி, அதுக்கு ஒரு கால் சரியில்ல. இதுல உக்காருங்க. திரவியம் அண்ணன் இப்பத்தான் போன் பண்ணினாரு, சமாதானபுரத்துல நிக்காராம், வந்துருவாரு. சுரண்டையில இருந்து ஒரு அண்ணாச்சி மக ரிசப்ஷனுக்குக் கச்சேரி பேச வாராவ, நான் வார வரைக்கும் பேசிக்கிட்டு இருன்னாரு. என்னென்ன பாட்டு, எத்தனை பேரு வாரோம், வண்டி, சாப்பாடு, அதெல்லாம் அவருகிட்டப் பேசிக்கிடுங்க. குழு அவரோடது. நான் ஜோயல், அதுல பேஸ் கிட்டார் வாசிக்கேன். சவுண்டு செட்டு யாருன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லுங்க.

இசக்கிப்பாண்டியா?

அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க வீட்டு விசேசம், நீங்க யாரை வேணும்னாலும் கூப்பிடலாம். ஆனா அவன் வேண்டாம். வேற யாரு வேணும்னாலும் இருக்கட்டும். ஏன்னு கேட்டா சொல்லுதேன். நேரம் இருக்குல்லா? காப்பி போடச் சொல்லலாம்னா பியூலா கோயிலுக்குப் போயிருக்கா, பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்க. பியூலா யாருன்னு தெரியும்லா? எங்க குழுவுல பாடுதாளே, அவதான். என் வீட்டுக்காரி.

முதல்ல ஒண்ணு சொல்லணும். பேஸ் கிட்டார்னா என்னன்னு நிறையப் பேருக்குத் தெரியாது. நாலே நாலு தடிச்ச கம்பி. நீங்க பாட்டு கேக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள்ள ஒண்ணு தும் தும்னு தட்டும்லா, அதுதான் நான். அது இருக்கும்போது யாருக்கும் தெரியாது. இல்லாமப் போனா பாட்டு காலில்லாத மாதிரி ஆயிரும். அப்படி ஒரு வேலை.

மேடையில நிக்கிறவனுக்கு எல்லாம் நல்லாக் கேக்கும்னு நினைப்பிய. கெடையாது. பெரிய பெட்டியெல்லாம் சனங்களைப் பாத்து நிக்கும். நாங்க அதுக்குப் பின்னால நிக்கோம். பின்னால வாரது பூராவும் குழம்பின சத்தம். கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள இருந்தா தெருவுல லாரி போறது கேக்கும்லா, அது மாதிரி. சத்தம் இருக்கும், எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாது. அதுவும் பேஸ் சத்தம் இருக்கே, அது வாசிக்கிறவன் காலடியில நிக்காது, ஓடிப்போய் மண்டபத்துக் கடைசிச் சுவருல போய் நின்னுக்கிடும். கடைசி வரிசையில பாயாசம் குடிச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு நல்லாக் கேக்கும். எனக்குக் கேக்காது.

அதுக்குத்தான் எனக்குன்னு ஒரு பெட்டி வச்சிருந்தேன். ஆம்ப்ளிஃபயர். பின்னால வச்சுக்கிட்டு வாசிப்பேன், ராசா மாதிரி. இந்த இசக்கி வந்தான் பாருங்க, முதல் நாளே சொல்லுதான், "அண்ணே, உங்க பெட்டிச் சத்தம் பாடுறவங்க மைக்குல எல்லாம் ஏறுது. அதை எடுத்துருங்க. வயரை நேரா எங்கிட்டக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்." திரவியம் அண்ணனுக்குச் சந்தோசம். வேன்ல ஒரு ஆளு உக்கார இடம் கிடைச்சிட்டுல்லா. பெட்டி வீட்டுக்கு வந்துட்டு. இந்தா மூலையில துணி போட்டு மூடிக் கெடக்கு பாருங்க, அதுதான்.

எங்கிட்டக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன். என்னத்தப் பாத்தான்? காலடியில சின்னப் பெட்டி ஒண்ணு வைப்பாவ, மானிட்டர்னு, நம்ம வாசிப்பு நமக்குக் கேக்கதுக்கு. பாடுறவங்களுக்கு ஒண்ணு, கீபோர்டுக்கு ஒண்ணு. எனக்குக் கெடையாது. கேட்டா, அடுத்த தடவை அண்ணேம்பான். அடுத்த தடவையும் அடுத்த தடவை.

சரி, விடு, நாம பாத்துக்கிடுவோம்னு நானே வழி கண்டுபிடிச்சேன் அண்ணாச்சி. எங்க டிரம்ஸ் வாசிக்கிறவன் செய்யது. அவன் காலைப் பாத்துக்கிட்டே வாசிப்பேன். அவன் கால் மிதிக்கும்போது என் விரல் இறங்கணும், அவ்வளவுதான் கணக்கு. கீபோர்டு வாசிக்கிற திரவியம் அண்ணன் இடது கையையும் ஒரு கண்ணால பாத்துக்கிடுவேன், எந்த ராகத்துல எங்க திரும்புதாருன்னு தெரிஞ்சிரும். பெறவு ஒரு வித்தை இருக்கு. கிட்டார் உடம்புல மேல நீட்டிக்கிட்டு இருக்கிற கொம்புல தாடையை வச்சு அழுத்தினா எலும்பு வழியா லேசா ஏறும். பாக்கதுக்கு என்னமோ கிட்டாரைக் கொஞ்சுத மாதிரி இருக்கும், சனங்க சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும். மரப்பலகை போட்ட மேடைன்னா செருப்பைக் கழத்திட்டு நிப்பேன், பாதத்துல தெரியும். சிமெண்டு மேடைன்னா அதுவும் போச்சு.

அப்படிப் பழகிப் பழகிக் காதே வேண்டாம்னு ஆயிட்டு. விரல் தானாப் போய் அது இடத்துல உக்காந்துக்கிடும். இத்தனை வருசப் பழக்கம். நடுவுல யாராவது பேச்சுக் குடுத்தாலும் விரல் தப்பாது. அதை ஞாபகம் வச்சுக்கிடுங்க, ஏன்னா இந்த விசயத்துல எல்லாரும் என் விரலைத்தான் சந்தேகப்பட்டாவ.

போன தை மாசம். தென்காசியில ஒரு ரிசப்ஷன். பெரிய இடம். சார்ஜாவுல நம்ம ஆளுங்க வருசா வருசம் ஒரு விழா நடத்துதாவ, அதுக்கு ஒரு பாடகியைக் கூட்டிட்டுப் போகணும்னு ஒருத்தர் வந்திருந்தாரு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். பியூலா பாடினதை எங்கேயோ கேட்டிருக்காரு. அன்னைக்கு நேர்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்னு திரவியம் அண்ணன்கிட்டச் சொல்லியிருக்காரு. பியூலாவும் பக்க வாத்தியமும். பியூலா பிளேன்ல ஏறினதே கெடையாது அண்ணாச்சி. கல்யாணத்துக்கு முன்னால ரேடியோவுல பாடணும்னு போய், வீட்டுல ஏசினதுல திரும்பி வந்தவ. என்னைக் கட்டிக்கிட்ட பெறவுதான் மேடைக்கே வந்தா. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போகும்போது நீலச் சேலை கட்டிக்கிட்டுப் போனா, நீலம் போட்டோவுல நல்லா விழாதுட்டின்னு சொன்னேன், கேக்கல. அவ்வளவு ஆசை.

அவளுக்குன்னு ஒரு பாட்டு இருக்கு. தாலாட்டு மாதிரி வரும். மெதுவாத் தொடங்கும். வாத்தியம் எல்லாம் அடங்கி இருக்கும், அவ குரலும் என் பேஸும்தான். சனங்க கையில இருக்க தட்டைக் கீழ வச்சிட்டுக் கேக்கும். அதைப் பாடிட்டா சார்ஜா உறுதின்னு எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டு நாளா அவளுக்குத் தொண்டை சரியில்ல. அதனால அந்தப் பாட்டை மட்டும் அரைக் கட்டை கீழே இறக்கிப் பாடுவோம்னு சொன்னா. அரைக் கட்டைன்னா உங்களுக்கு எப்படிச் சொல்ல... மாடிப்படியில ஒரு படி கீழ இறங்கிப் பாடுதது. எல்லாரும் அதே படியில நிக்கணும். கீபோர்டுக்கு ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும். எனக்கு, கிட்டார் கழுத்துல ஒரு விரல் இடைவெளி பின்னால தள்ளிப் பிடிக்கணும். சின்ன விசயம்.

சாயங்காலம் சவுண்டு சரிபாக்கும்போது, இந்த இசக்கி வந்து ரெண்டு மானிட்டர்ல ஒண்ணு ஊதிப்போச்சு, இருக்கிறதை அக்காவுக்கு வச்சிருக்கேங்கான். எனக்குத் தலைக்கு ஏறிட்டு. எல்லா வயரும் போய்ச் சேருத அவன் மிக்சர் மேசைக்கே போயிட்டேன், மண்டபத்துக் கடைசியில. எல, இது எத்தனாவது தடவை, நான் என்ன குருடனா தடவித் தடவி வாசிக்கன்னு கத்துதேன். அவன் வயரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், அண்ணே அண்ணேங்கான். அந்நேரம்தான் பியூலா வந்தா. "தாலாட்டு அரைக் கட்டை கீழே. மறந்துராதீங்க"ன்னா. நான் சரின்னேன். தலையைக்கூட ஆட்டினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கேட்டேன், தலையாட்டினேன். பெறவு நான் மறந்துட்டேன்னு சொன்னா அதுல என்ன நியாயம் இருக்கு?

மேடைக்கு வந்து ஒரு காரியம் பண்ணினேன். பியூலா காலடியில இருந்த மானிட்டரைக் கொஞ்சமா என் பக்கம் திருப்பி வச்சேன். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன. அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. ஆனா பாருங்க, அதுல என் பேஸ் சத்தத்தையே அவன் அனுப்பல. அவ குரலும் கீபோர்டும் மட்டும்தான் வருது. ஒரு உபயோகமும் இல்ல. திருப்பி வைக்கதுக்குள்ள கச்சேரி தொடங்கிட்டு.

சிமெண்டு மேடை. மேல கம்பளம் வேற. காலுல ஒண்ணும் தெரியல. மூணு நாலு பாட்டு செய்யது காலைப் பாத்தே ஓட்டினேன். சார்ஜாக்காரர் முன் வரிசையில உக்காந்திருக்காரு, வெள்ளைச் சட்டை, மடியில போனு. திரவியம் அண்ணன் மைக்குல அறிவிச்சாரு. தாலாட்டு.

பல்லவி தொடங்குது. நான் தாடையை வச்சு அழுத்திப் பாக்கேன், ஒண்ணும் ஏறல. சரி, விரல் பாத்துக்கிடும்னு விட்டுட்டேன். ரெண்டாவது வரியில பியூலா திரும்பி என்னைப் பாத்தா. அவ பாடும்போது பக்கத்துல திரும்பவே மாட்டா. நான் புருவத்தைத் தூக்கி என்னன்னேன். அவ மைக்கைப் பிடிக்காத கையால, சேலை மடிப்புக்குப் பக்கத்துல யாருக்கும் தெரியாம, ஒரு விரலைக் கீழ காட்டுதா. கீழ, கீழ.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. எனக்கே என் சத்தம் கேக்கல, இவ சத்தத்தைக் குறைங்கா. இவளுமா இசக்கிகூடச் சேந்துட்டான்னு வந்துட்டு. நான் குறைக்கல. இன்னும் அழுத்தி வாசிச்சேன். இனிமேலாவது எனக்குக் கேக்கட்டும்னு நகம் தெறிக்க வாசிச்சேன். செய்யது பின்னால இருந்து ஜோயலு, ஜோயலுங்கான். கச்சேரி நடுவுல பேசுத பழக்கம் எனக்குக் கெடையாது, நான் திரும்பல. திரவியம் அண்ணன் கழுத்தை நீட்டி என் கையைப் பாக்காரு. முன் வரிசையில ஒரு அம்மா முகத்தைச் சுளிச்சுப் பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட என்னமோ சொல்லுது. ரெண்டு பேரும் பியூலாவைப் பாக்காவ.

அவ பாடிக்கிட்டுத்தான் இருந்தா. கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்கி, ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டுப் பாடுதா. அவளை நான் அப்படிப் பாத்ததே இல்ல. வெள்ளம் இழுக்கும்போது கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்கள்லா, அப்படி. சரணத்துல ரெண்டாவது வரி வந்தது, நின்னுட்டா. வாய் திறந்திருக்கு, சத்தம் வரல. வாத்தியம் மட்டும் போகுது. தொண்டை போச்சுன்னு நினைச்சேன்.

அஞ்சாறு தாளம் போயிருக்கும். பெறவு கண்ணை மூடித் திறந்து, விட்ட இடத்துல இருந்து எடுத்தா. எடுத்து முடிச்சா. அந்தக் கடைசிப் பாதி நல்லாத்தான் வந்ததாம். எல்லாரும் சொன்னாவ. ஆனா முன் பாதி கெட்டது கெட்டதுதானே. கைதட்டு கொஞ்சமா வந்தது, பாவப்பட்டுத் தட்டுத மாதிரி. சார்ஜாக்காரர் போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு வெளிய போனாரு. திரும்பி வரல.

இப்பக் கேளுங்க. அந்தக் கடைசிப் பாதி எப்படி நல்லா வந்ததுங்கீங்க? கச்சேரி முடிஞ்சு வயரைச் சுருட்டும்போது செய்யது வாய் தவறிச் சொல்லிட்டான். சரணம் நடுவுல இசக்கி என் லைனை அறுத்துட்டானாம். மிக்சர்ல என் பேஸை மொத்தமா மூடிட்டானாம். பாதிப் பாட்டுக்கு நான் ஊமைக் கிட்டாரை வாசிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும், எனக்குத்தான் முதல்லயும் கேக்கல, பெறவும் கேக்கலையே.

இத்தனை சனங்களுக்கு முன்னால ஒருத்தனை அப்படிப் பண்ணலாமா?

நேரா வண்டி நிக்க இடத்துக்குப் போய் அவன் சட்டையைப் பிடிச்சேன். பொத்தான் தெறிச்சிட்டு. எல, எம் பொண்டாட்டி வாழ்க்கையைக் கெடுத்துட்டியேன்னு கேட்டேன். சத்தத்தை மாத்தி மாத்தி வச்சுத்தானே அவ சுருதி கலைஞ்சது? அவன் கையைத் தட்டிவிடக்கூட இல்ல. நின்னான். "அண்ணே, அக்கா ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. அதனால நான் ஒண்ணும் சொல்லல"ன்னான். பாருங்க, தப்புப் பண்ணினவன் பேசுத பேச்சு. அக்கா பேரை இழுத்துப் போட்டுத் தப்பிச்சுக்கிடுதான். செய்யது வந்து என்னைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனான்.

வேன் கிளம்பிட்டு. திரவியம் அண்ணன்தான் முன் சீட்டுல இருந்து, என்ன நடந்தது, ஆருடைய தப்புன்னு தெரியாம நான் சார்ஜாக்காரருக்கு என்ன பதில் சொல்லன்னு கேட்டாரு. கேட்டுட்டு என்னைப் பாத்தாரு. நான் இசக்கின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்கு முன்னால பியூலா சொல்லிட்டா.

"என் தொண்டைதான் அண்ணே. நான் பாடியிருக்கக் கூடாது."

அவளே ஒத்துக்கிட்டா. பெறவு என்ன இருக்கு? எனக்கு அவ மேல கோபம்கூட இல்ல. தொண்டை யாருக்கும் வரும். அவ கையைப் பிடிச்சு, கவலைப்படாதட்டி, நான் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன்னேன். அவ வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. ஆலங்குளம் தாண்டி இருக்கும், கையை மெதுவா உருவிக்கிட்டா. வேனுக்குள்ள புழுக்கமா இருந்தது அன்னைக்கு.

அதுக்குப் பெறவு அவ பாடல அண்ணாச்சி. மாசி, பங்குனி, சித்திரை, கல்யாணமும் கோயில் கொடைத் திருவிழாவுமா எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத காலம். திரவியம் அண்ணன் வேற ஒரு பிள்ளையை வச்சு ஓட்டினாரு. யாரோ போன்ல எடுத்ததை ஊரெல்லாம் அனுப்பிட்டாவ. மார்க்கெட்டுல ஒரு பொம்பளை பியூலாகிட்டயே, என்னம்மா அன்னைக்குப் பாட்டு நடுவுல நின்னுட்டியேன்னு கேட்டிருக்கு. ஆமாக்கா, தொண்டைன்னுட்டு கத்தரிக்காய் பொறுக்கினாளாம். வீட்டுக்குள்ள ஒரு முணுமுணுப்புக்கூட இல்ல. முன்னால எல்லாம் மாவு பிசையும்போது, துணி மடிக்கும்போது, என்னமாவது வாய்க்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அது ஓடும்போது நான் கவனிச்சதில்ல. நின்ன பெறவு வீடு என்னமோ மாதிரி இருந்தது. குக்கர் விசில் அடிச்சாத் திடுக்குன்னு இருக்கும்.

நான் சும்மா இருக்கல. அவளுக்காகத்தான் சண்டை போட்டேன். போற ஊருல எல்லாம் இசக்கிதான் சவுண்டுன்னா முன்கூட்டியே போய் நிப்பேன். என் லைனைத் தொட்டேன்னா பாருன்னுட்டுத்தான் மேடை ஏறுவேன். ஒரு இடத்துல இந்தப் பெட்டியை ஆட்டோவுல ஏத்திக் கொண்டுபோய் நானே வச்சேன். அவன் எடுக்கச் சொன்னான், நான் அவன் மெயின் வயரைப் பிடுங்கிட்டேன். மண்டபம் முழுக்க அமைதியாப் போச்சு. மணமேடையில மாப்பிள்ளை திரும்பிப் பாக்கான். திரவியம் அண்ணன் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய், ஜோயல், இப்படியே போனா நான் கீபோர்டுலயே பேஸை வாசிச்சுக்கிடலாம்னு யோசிக்க வேண்டியிருக்கும்னாரு. எனக்குச் சோறு இறங்கல அன்னைக்கு. இத்தனை வருசம். பியூலாகிட்டச் சொன்னேன், உனக்காகச் சண்டை போட்டு எம் பொழப்பே போகப் போகுதுன்னு. "எனக்காகவா"ன்னா. ஆமான்னேன். எழுந்து போய்த் தண்ணி எடுத்துட்டு வந்து குடுத்தா.

அந்தப் போன் வீடியோவை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன் அண்ணாச்சி. ஒரு அதிசயம் சொல்லுதேன் கேளுங்க. போன்ல கேட்டா அவ சரியாப் பாடுதா! சுருதி கொஞ்சம்கூட விலகல. கீபோர்டும் அவளும் ஒட்டிக்கிட்டுப் போகுது. நான் அவகிட்டக் காட்டினேன், இங்க பாரு, நீ சரியாத்தான் பாடியிருக்க, உன் தொண்டைக்கு ஒண்ணுமில்ல, மண்டபத்துல இசக்கி வச்ச பெட்டிதான் கெடுத்திருக்குன்னேன். எனக்குச் சந்தோசம் தாங்கல. அவ போனை வாங்கித் திருப்பி மேசை மேல வச்சா. "போன்ல பேஸ் கேக்காதுல்லா"ன்னா. அதுசரி, சின்னப் பெட்டியில பேஸ் எப்படிக் கேக்கும், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்.

செய்யதுகிட்டயும் காட்டினேன். அவன் பையில இருந்து பெரிய ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினான். காதை மூடுத மாதிரி இருக்குமே, அது. "இதுல கேளு ஜோயல். எல்லாம் கேக்கும்"ன்னான். அவன் முகம் சரியில்ல. நான் வாங்கல. நான் வாசிச்சதை நான் போய்க் கேக்கணுமா? எனக்குத் தெரியாதா என் விரல் எங்க இருந்ததுன்னு? அவன் கொஞ்ச நேரம் நீட்டிக்கிட்டே இருந்தான். பெறவு மடிச்சு உள்ள வச்சுட்டான். அதை விடுங்க.

வைகாசியில அம்பாசமுத்திரத்துல ஒரு அறுபதாம் கல்யாணம். காலையில சடங்கு, மதியச் சாப்பாட்டோட கச்சேரி. அந்த வீட்டம்மா பியூலாவுக்குப் பழைய சிநேகிதி. அதனால அவளும் வேன்ல வந்தா, சாப்பிட வார ஆளா. போய் இறங்கினா இசக்கி நிக்கான். எனக்கு யாரும் சொல்லல. வேணும்னே சொல்லல. சின்ன மேடை, அதுவும் சிமெண்டு. மானிட்டர் எங்கடான்னேன். மேடை சின்னதா இருக்குண்ணே, பாடுறவங்களுக்கு மட்டும்தான் வைக்க முடியும்னான்.

ரெண்டு பாட்டு ஆச்சு. வீட்டம்மா எழுந்து வந்து பியூலா கையைப் பிடிச்சு இழுக்கு. அந்தத் தாலாட்டைப் பாடு, எனக்காகப் பாடுன்னு. எல்லாரும் திரும்பிப் பாக்காவ. பியூலா முகம் வெளுத்துப்போச்சு. திரவியம் அண்ணன் எங்கிட்டக் குனிஞ்சு, ஜோயல், இந்த ஒரு பாட்டுக்கு நீ கொஞ்சம் கீழ இறங்கி உக்காரு, நான் இடது கையில பாத்துக்கிடுதேன்னாரு.

அந்தப் பாட்டுல நான் இல்லாமலா? கிட்டாரைக் கழத்தல. நகரமாட்டேன்னேன். அவரு ஜோயலுன்னாரு. நான் என் வயரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன், இசக்கி பக்கம் பாத்து. இன்னைக்கு இதை எவனாவது அறுத்தா அவன் கையை ஒடிப்பேன்னேன். மைக்கு திறந்து இருந்திருக்கு போல, பந்தல் முழுக்கக் கேட்டுட்டு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க கை நின்னுட்டு. இசக்கி மிக்சரை விட்டு எழுந்துட்டான். அன்னைக்கு இருந்த பொறுமை அவன் முகத்துல இல்ல. அவனும் வாயைத் திறக்கான்.

"இசக்கி, உக்காரு."

பியூலாதான். மேடைப் படியில நிக்கா.

"அவரு வாசிக்கட்டும். நான் பாடுதேன். ரொம்ப நாளாப் பாடல, அதனால அரைக் கட்டை கீழே வைங்கண்ணே. இசக்கி, வயரில்லாத மைக்கைக் குடு."

மைக்கை வாங்கினா. முன்னால நடுவுல போய் நிப்பான்னு பாத்தா, நேரா எங்கிட்ட வந்தா. வந்து என் இடது கையைப் பிடிச்சா. கிட்டார் கழுத்துல இருந்த கையை, அத்தனை பேரு முன்னால. விரலை மெதுவாத் தூக்கி, ஒரு இடம் பின்னால நகத்தி வச்சு, மேல தன் விரலை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினா. என் கை எப்படியும் அங்கதான் போயிருக்கும். போய்க்கிட்டுத்தான் இருந்தது. அவ கை ஐஸா இருந்தது.

அப்படியே பக்கத்துல நின்னு பாடினா. சனங்களைப் பாக்கல, பாதி முதுகைக் காட்டிக்கிட்டு, என் காதுப் பக்கம் வாயை வச்சு. பெட்டியில இருந்து இல்ல, அவ தொண்டையில இருந்தே எனக்குக் கேட்டது. மூச்சு இழுக்கதுகூடக் கேட்டது. பல்லவி முடிஞ்சு சரணம் திரும்புத இடத்துல என் முழங்கையில ஒரு தட்டு. மறுபடியும் பல்லவிக்கு வரும்போது ஒரு தட்டு. நான் செய்யது காலைப் பாக்கல, திரவியம் அண்ணன் கையைப் பாக்கல. அவளைப் பாத்தே வாசிச்சேன். ரெண்டாவது வரிக்கெல்லாம் காலுக்குக் கீழ சிமெண்டே அதிருத மாதிரி என் பேஸ் எழும்பி வந்தது. இசக்கி ஏத்தியிருக்கான். எங்கிட்ட இருந்த பயம், வேற என்ன. அத்தனை வருசத்துல அன்னைக்குத்தான் அவன் என்னை ஒழுங்கா ஏத்தினான்.

சரணத்துல ரெண்டாவது வரி வந்தது. தென்காசியில நின்னாளே, அதே இடம். அவ நிக்கல. தாண்டிப் போயிட்டா. தாண்டினதும் அவ தோள் இறங்கினதைப் பாத்தேன்.

முடிஞ்சதும் வீட்டம்மா அழுதுட்டு. இலையில உக்காந்திருந்தவங்க எச்சிக் கையோட தட்டுதாவ. செய்யது குச்சியைக் கீழ வச்சிட்டு முகத்தைத் துடைக்கான். திரவியம் அண்ணன் அடுத்த பாட்டுக்குப் போயிட்டாரு. இறங்கும்போது இசக்கி பியூலாவைப் பாத்து லேசாத் தலையை ஆட்டினான், அவளும் ஆட்டினா. எனக்கு அது பிடிக்கல. ஆனா அன்னைக்கு நல்ல நாளு, விட்டுட்டேன்.

கீபோர்டுல பேஸ் வாசிக்கிற பேச்சு அதோட நின்னுட்டு. சார்ஜாக்காரர் வேற யாரையோ கூட்டிட்டுப் போயிட்டாரு, அது போச்சு. அவ பாஸ்போர்ட் பீரோவுல இருக்கு.

இப்ப எங்க பாடினாலும் அவ எம் பக்கத்துலதான் நிப்பா அண்ணாச்சி. வீடியோக்காரன் முன்னால வாங்கக்கா, விளக்கு இங்கதான் விழுதுன்னு கூப்பிடுவான், போகமாட்டா. பாக்கிற சனங்க, என்ன ஒரு ஒத்துமை, இந்த வயசுலயும் ஒட்டிக்கிட்டு நிக்காவளேன்னு பேசிக்கிடும். அவங்களுக்கு என்ன தெரியும். தென்காசியில தொண்டை அடைச்சுதுல்லா, அந்தப் பயம் அவளுக்கு இன்னும் தெளியல. நான் பக்கத்துல இருந்தாத்தான் அவளுக்குத் தைரியம். ஒவ்வொரு பாட்டுத் தொடங்கும்போதும் என் கையைப் பிடிச்சுக்கிடுவா. பிடிச்சுக்கிட்டு, விரல் எங்க இருக்குன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கிடுவா. பயந்தவங்க அப்படித்தான். பாவம், பிடிச்சுக்கிடட்டும்னு நானும் கையைக் குடுத்துட்டு நிப்பேன்.